மறு: பல்செட்டுக்கு என்ன சொல் இடுவது?

நண்பர்களுக்கு வணக்கம்.

துண்டறிக்கை செவ்வாய்க்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். வலங்கைமான், குடவாசல் பக்கம் பல் முகாமுக்கு வரும் முதியோர் கையில் கொடுப்பதற்கு. இரவில் கழற்றித் தண்ணீரில் போடுங்கள், வெந்நீரில் போட்டால் வடிவம் கோணிவிடும், பற்பசை வேண்டாம் என்பதெல்லாம் எழுதியாகிவிட்டது. தலைப்பில்தான் நிற்கிறேன். 'செயற்கைப் பல்' என்றால் தாடை எலும்பில் திருகிப் பொருத்துவதும் அதில் அடங்கிவிடும். கழற்றி மாட்டும் வகைக்கு மட்டும் ஒரு சொல் வேண்டும்.
— திருவாரூர்

'எயிற்றணி' எனலாம். எயிறு என்றால் பல். 'வாலெயிறு ஊறிய நீர்' என்று குறளிலேயே இருக்கும் சொல். 'பல்லணி' என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். பல்லாண்டு என்பதில் உள்ள 'பல்' போலப் பல அணிகள் என்று பொருள் மயங்கும். அடுத்து வல்லினம் வந்தால் இந்த இடர் இல்லை: பற்பசையில் றகரமாகத் திரியும் லகரம், 'பல' என்று பொருள்படும் பல்கலையில் திரிவதில்லை. 'பற்பல' மட்டும் வேறு. அதற்கு நன்னூல் தனியே விதி சொல்கிறது. உயிர் வரும்போதுதான் சிக்கல்.
— கும்பகோணம்

ஐயா, முகாமுக்கு வருபவர்களில் எத்தனை பேருக்கு எயிறு தெரியும்? ஊரில் 'பல் கட்டிக்கொண்டார்' என்றுதான் பேச்சு. 'கட்டுப்பல்' இருக்கிறதே! கட்டுச்சோறு, கட்டுக்கதை வரிசையில் இயல்பாக உட்காருகிறது.
— மன்னார்குடி

கட்டுப்பல்லை என்னால் ஏற்க முடியவில்லை. என் அம்மா மேல்வரிசை கட்டிக்கொண்டபோது, 'கட்டின பல்லை எதற்கு அவிழ்ப்பது?' என்று கேட்டு, இரவும் பகலும் வாயிலேயே வைத்திருந்தார். காலையில் ஒரு முறை எடுத்து உமிக்கரியால் தேய்ப்பார், உடனே மாட்டிக்கொள்வார். ஒரு நாள் காரமே இல்லாத ரசம்கூட எரிகிறது என்றார். டார்ச் அடித்துப் பார்த்தேன். தகடு படிந்திருந்த அளவுக்கு, கோடு கிழித்தது போல, மேலண்ணம் சிவந்து கிடந்தது. பூஞ்சைத் தொற்று. தகட்டைத் திருப்பினால் கீறல் கீறலாக உமிக்கரித் தடம், கீறலுக்குள் வெற்றிலைக் கறை. தகடு அக்ரிலிக், மென்மையான பொருள். அந்தக் கீறல்களில்தான் கிருமி குடியேறுகிறது. 'கட்டு' என்ற சொல்லை நம்பித்தான் அம்மா கழற்றாமல் இருந்தார்.

'கழற்றுபல்' என்று வைப்போம். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை, ஒற்று மிகாது. என்ன செய்ய வேண்டும் என்பது பெயரிலேயே இருக்கிறது.
— திருவாரூர்

வினைத்தொகை சரி. 'கழல்பல்' என்று எழுதாமல் பிறவினையாக வைத்ததும் சரி. கழல்பல் தானே ஆடி விழும் பல். ஆனால் வினைத்தொகை காலம் கரந்த பெயரெச்சம். கழற்றிய பல் என்றும் விரியும். பிடுங்கிப் போட்ட பல் என்று ஒருவர் நினைத்தால்?
— கும்பகோணம்

பல்லைப் பிடுங்குவோம், ஐயா. கழற்றுவதில்லை.
— மன்னார்குடி

நான் பல் மருத்துவர். என்னிடம் வருபவர்கள் எல்லோரும் 'பல்செட்' என்கிறார்கள். ஒட்டிவைத்த பல்லை யாரும் அப்படிச் சொல்வதில்லை. பஸ் போல அதுவும் நிலைத்துவிட்ட சொல். அறிக்கையில் இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். பல்செட்டைக் கழுவும்போது கீழே தண்ணீர் நிரப்பிய பாத்திரம் இருக்கட்டும், கை நழுவினாலும் உடையாது. உலோகக் கம்பி உள்ளதை பிளீச்சிங் கரைசலில் போடக் கூடாது, கம்பி அரிக்கும்.
— மயிலாடுதுறை

இரண்டு வரியும் சேர்த்துவிட்டேன். பெரும்பாலோர் பல்செட் பக்கம் இருப்பதால் தலைப்பில் அதுவே போகிறது. முதல் வரி மட்டும் 'பல்செட் என்பது கழற்றுபல். இரவில் கழற்றிவிட வேண்டும்' என்று இருக்கும். அதை நான் விட்டுத்தரவில்லை.
— திருவாரூர்

தலைப்பில் 'செட்' நிற்பதற்கு நான் உடன்படவில்லை என்பது பதிவாகட்டும். 'எயிற்றணி'யை எங்கள் தெருப் பெரியவர்களிடம் சொல்லிப் பார்த்துவிட்டு, அடுத்த பதிப்புக்கு முன் எழுதுகிறேன்.
— கும்பகோணம்