நெட் இல்லாத எடைமேடை கம்ப்யூட்டருக்கு பேக்கப்: மென்பொருள் ஏற்றலாமா, வேண்டாமா?

காவேரிப்பட்டணத்தான்:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் எடைமேடை கம்ப்யூட்டரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். விண்டோஸ் 10. நெட் கிடையாது, கொடுக்கவும் கூடாது என்பது ஓனர் உத்தரவு. போன சீசனில் பெங்களூரா மாங்காய் வரத்து உச்சத்தில் இருக்கும்போது ஹார்ட் டிஸ்க் படுத்துவிட்டது. பதினோரு நாள் எடைச்சீட்டு போச்சு. கார்பன் காப்பியை வைத்துக்கொண்டு இரண்டு பேர் உட்கார்ந்து திரும்ப டைப் அடித்தோம். சில சீட்டில் கார்பன் மங்கி, 6-ஆ 8-ஆ என்றே தெரியவில்லை. அந்த விவசாயிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதைச் சொல்லி மாளாது.

இந்தத் தடவை முன்கூட்டியே ஒரு பேக்கப் மென்பொருளை வீட்டில் இறக்கி பென்டிரைவில் கொண்டுபோனேன். மொத்தமே 4 எம்பி. கிளிக் செய்தால் "இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்" என்று நின்றுவிடுகிறது. வேறு வழி உண்டா?

ஓசூர் லேத்:
தம்பி, நீங்கள் கொண்டுபோனது இன்ஸ்டாலரே இல்லை. இன்ஸ்டாலரைக் கூப்பிட்டு வர அனுப்பும் ஆள். பேக்கப் மென்பொருள் பெரும்பாலும் 4 எம்பியில் அடங்காது. அதே கம்பெனியின் தளத்தில் ஆஃப்லைன் இன்ஸ்டாலர், ஃபுல் செட்டப் என்று எங்கேயாவது ஒரு மூலையில் வைத்திருப்பார்கள். நூற்றுக்கணக்கான எம்பி இருந்தால் அதுதான் சரக்கு.

அதோடு முடியாது. இங்கே சிப்காட் பக்கம் சிஎன்சி மெஷினோடு இருக்கிற கம்ப்யூட்டர்களுக்கு இதே வேலையைத்தான் செய்கிறேன். ஒன்றுக்கும் நெட் கிடையாது. பட்ட பாட்டில் கற்றதைச் சொல்கிறேன்.

சில மென்பொருள்கள் டாட்நெட் 3.5 என்ற மைக்ரோசாஃப்ட் துணை மென்பொருளைக் கேட்கும். விண்டோஸ் 10 அதை நெட்டிலிருந்து எடுக்கப் பார்க்கும். நீங்கள் அதே பதிப்பு விண்டோஸ் ஐஎஸ்ஓவை (இன்ஸ்டால் டிஸ்க்கை ஒரே ஃபைலாக்கிய நகல்) கொண்டுபோய், அதில் சோர்சஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரை டிஸ்ம் என்ற விண்டோஸ் கட்டளைக்குக் காட்ட வேண்டும். லிமிட்ஆக்சஸ் என்ற சுவிட்சையும் (கட்டளையோடு எழுதும் கூடுதல் சொல்) சேர்த்துப் போடுங்கள். இல்லையென்றால் அது விண்டோஸ் அப்டேட்டைத் தேடி அலையும். விண்டோஸ் 7 என்றால் இன்னொரு தலைவலி: 2019இல் வந்த எஸ்எச்ஏ-2 அப்டேட் இல்லாவிட்டால் புது மென்பொருளில் கம்பெனி போட்டிருக்கும் டிஜிட்டல் கையெழுத்தை அது நம்பாது. அந்த அப்டேட்டின் எண் கேபி4474419, அதற்கு முன் போட வேண்டியது கேபி4490628. இரண்டையும் தனியாக இறக்கிக் கொண்டுபோகலாம்.

பென்டிரைவில் ஏற்றியபின் விண்டோஸின் செர்ட்யூட்டில் ஹாஷ்ஃபைல் கட்டளை போட்டு வரும் ஹாஷை (ஃபைலின் கைரேகை மாதிரியான எண்), தளத்தில் கொடுத்த எண்ணோடு ஒத்துப் பாருங்கள். பாதி காப்பியான செட்டப்போடு ஒரு நாள் முழுக்க மல்லுக்கட்டியிருக்கிறேன்.

மொரப்பூர் பாசஞ்சர்:
லேத் அண்ணன் ஒரு கிலோ மாங்காய் எடை போட லாரியையே மேடையில் ஏற்றச் சொல்கிறார். எதற்கு இதெல்லாம்? விண்டோஸிலேயே ரோபோகாப்பி என்ற நகலெடுக்கும் கட்டளை இருக்கிறது, விஸ்டா காலத்திலிருந்து. கட்டளைகளை எழுதிவைக்க ஒரு பேட்ச் ஃபைல், அதைக் குறித்த நேரத்தில் தானாக ஓட்ட விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு வரி, ஒரு வெளி ஹார்ட் டிஸ்க், வேலை முடிந்தது. லைசென்ஸ் இல்லை, டாட்நெட் இல்லை, இலவசப் பதிப்பை நிறுத்திவிட்டோம் என்ற மெயிலும் இல்லை. மேக்ரியம் ரிஃப்ளெக்ட் என்ற பேக்கப் மென்பொருளின் இலவசப் பதிப்பை நம்பி எத்தனை பேர் இருந்தார்கள்? 2024 ஜனவரி 1-ஓடு அதற்கு அப்டேட்டே நின்றுபோனது.

நெட் இல்லாத கம்ப்யூட்டரில் எதை ஏற்றினாலும் அதற்கு அப்டேட் கொடுப்பது உங்கள் தலையில்தான் விழும். குறைவாக ஏற்றியவன் நிம்மதியாகத் தூங்குவான்.

தளி ரோஜா:
ரெண்டு பேரும் ஏன் இவ்வளவு சுற்றுகிறீர்கள்? போனில் ஹாட்ஸ்பாட் போட்டு அரை மணி நேரம் கொடுத்தால் இன்ஸ்டால் ஆகிவிடும், அப்புறம் வைஃபையைப் பிடுங்கிவிடலாம். எங்கள் பூ மண்டியில் கணக்கு கம்ப்யூட்டருக்கு நான் அப்படித்தான் செய்தேன். ஒன்றும் ஆகவில்லை.

மொரப்பூர் பாசஞ்சர்:
அக்கா, பல மாதம் நெட்டையே பார்க்காத விண்டோஸுக்கு அரை மணி நேரம் நெட் கொடுத்தால் முதலில் அது உங்கள் வேலையையா பார்க்கும்? அப்டேட்டை இழுக்க ஆரம்பிக்கும். அப்புறம் வாசலில் பதினைந்து டிராக்டர் நிற்கும்போது "உங்கள் கணினியை அணைக்க வேண்டாம்" என்று வட்டம் சுற்றும்.

தளி ரோஜா:
மீட்டர்டு கனெக்‌ஷன் என்று ஒரு பட்டன் இருக்கிறதே, தெரியாதா? அதைப் போட்டுவிட்டால் பெரும்பாலும் இழுக்காது. நீங்கள் மொரப்பூரில் வண்டிக்குக் காத்திருக்கும் நேரத்தில் நான் மூன்று கம்ப்யூட்டரை முடித்துவிடுவேன்.

ஓசூர் லேத்:
ரோஜா மேடம், மீட்டர்டு சரிதான். ஆனால் விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. ஓட்டை விழுந்த குடையை வெயிலுக்குப் பிடிக்கலாம், மழைக்கு எடுத்துப் போகலாமா? இன்னொன்று, நெட்டில் வைத்து ஏற்றினால் லைசென்ஸும் நெட் வழியாகவே பதிவாகிவிடும். சில மென்பொருள்கள் அப்புறமும் அவ்வப்போது சர்வரைக் கேட்டுப் பார்க்கும். பதில் வராவிட்டால் ஒரு நாள் சத்தமில்லாமல் பேக்கப்பை நிறுத்திவிடும். ஆஃப்லைன் ஆக்டிவேஷன் உள்ளதாகப் பார்த்து எடுத்தால் இந்தப் பிரச்சினை இல்லை. அது ஒரு குறியீடு கொடுக்கும், அதை வேறு கம்ப்யூட்டரில் கொடுத்து பதில் குறியீடு வாங்கி வந்து ஏற்றலாம்.

மொரப்பூர் தம்பிக்கு: எடைமேடை மென்பொருள் டேட்டாவை எதில் வைத்திருக்கிறது என்று கேட்டீர்களா? எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் என்றால் அந்த ஃபைல் எப்போதும் திறந்தே இருக்கும். ரோபோகாப்பிக்குக் கைக்கு எட்டாது, பிழை 32 காட்டும். காட்டிவிட்டுச் சும்மா இருக்குமா? நாம் எதையும் மாற்றாமல் விட்டால் அது 10 லட்சம் தடவை திரும்ப முயலும், ஒவ்வொன்றுக்கும் நடுவே 30 வினாடி. கணக்குப் போட்டுப் பாருங்கள், 347 நாள். அடுத்த மாங்காய் சீசனே வந்துவிடும்.

அப்புறம் ரோபோகாப்பியின் மிர் சுவிட்ச். மூலத்தில் இல்லாததை நகலிலும் அழிக்கும். யாரோ தெரியாமல் டேட்டா ஃபோல்டரை டெலீட் செய்தால், அன்று ராத்திரி பேக்கப்பிலும் அது போய்விடும். இதற்குப் பெயர் பேக்கப்பா?

காவேரிப்பட்டணத்தான்:
பார்த்தேன் அண்ணா. எஸ்க்யூஎல் சர்வரின் இலவசப் பதிப்பான எஸ்க்யூஎல் எக்ஸ்பிரஸ்தான். ஹாட்ஸ்பாட் பேச்சை ஓனரிடம் எடுத்தேன், "நெட் வேணும்னா உன் வீட்டுக்குப் போய் பாத்துக்கோ" என்றார். அதோடு அந்த வழி மூடியது. மன்னிக்கணும் ரோஜா அக்கா.

மொரப்பூர் பாசஞ்சர்:
ரோபோகாப்பியில் ஆர் 1, டபிள்யூ 1 (ஒரே தடவை திரும்ப முயல், நடுவே ஒரு வினாடி) என்று போட்டால் அந்த 347 நாள் ஒரு வினாடியாகிவிடும். அண்ணன் அதைச் சொல்லாமல் விட்டது ஏனோ.

எஸ்க்யூஎல் எக்ஸ்பிரஸ் என்றால் இன்னும் சுலபம். அதில் குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் ஏஜெண்ட் கிடையாது, ஆனால் கட்டளை கொடுக்க எஸ்க்யூஎல்சிஎம்டி என்ற கருவி இருக்கும். பேக்கப் டேட்டாபேஸ் என்ற ஒரே கட்டளையைப் பேட்ச் ஃபைலில் போட்டு டாஸ்க் ஷெட்யூலரில் சாப்பாட்டு நேரத்துக்கு ஒன்று, கடை கட்டும்போது ஒன்று வைத்துவிடுங்கள். மேடையில் லாரி நிற்கும்போதே ஓடினாலும் முழுசான நகல் கிடைக்கும். ஃபைல் பெயரில் தேதி வருகிற மாதிரி எழுதுங்கள், அப்போதுதான் நேற்றையது மேல் இன்றையது ஏறாது. பிறகு அதை மிர் இல்லாமல் ரோபோகாப்பியில் வெளி டிஸ்க்குக்குத் தள்ளுங்கள். இதில் இன்ஸ்டால் செய்ய ஏதாவது இருக்கிறதா?

ஓசூர் லேத்:
டேட்டா வந்துவிடும், ஒப்புக்கொள்கிறேன். கம்ப்யூட்டர் வருமா? டிஸ்க் போனால் புது விண்டோஸ் ஏற்ற வேண்டும், எடைமேடை மென்பொருளை ஏற்ற வேண்டும். அதன் சிடி யாரிடம் இருக்கிறது? போட்டுக்கொடுத்த ஆள் போனை எடுப்பாரா? எடை காட்டும் இண்டிகேட்டர் கம்ப்யூட்டரின் எந்த காம் போர்ட்டில் செருகியிருந்தது, பாட் ரேட் (அதிலிருந்து டேட்டா வரும் வேகம்) 2400-ஆ 9600-ஆ, சீட்டு பிரிண்டரின் பேப்பர் அளவு என்ன? இதெல்லாம் எந்த டேட்டாபேஸிலும் இருக்காது. டிஸ்க் முழுவதையும் அப்படியே நகலெடுத்து, அதாவது இமேஜ் எடுத்து வைத்திருந்தால் இத்தனையும் அப்படியே திரும்பும். அதற்குத்தான் மென்பொருள்.

மொரப்பூர் பாசஞ்சர்:
இமேஜுக்கு குளோன்சில்லா என்ற இலவச மென்பொருள். பென்டிரைவிலிருந்து பூட் ஆகும், கம்ப்யூட்டரில் ஒரு எழுத்தும் ஏறாது. சீசனுக்கு முன் ஒரு தடவை எடுத்தால் போதும், அமைப்பு எங்கே தினமும் மாறுகிறது?

ஓசூர் லேத்:
குளோன்சில்லாவா! எங்கள் பட்டறைப் பையன் ஒருவன் அதில் டிஸ்க்குக்கு டிஸ்க் காப்பி போடும்போது மூலத்தையும் இலக்கையும் மாற்றிக் கொடுத்துவிட்டான். காலி டிஸ்க்கை நிறைந்த டிஸ்க் மேல் ஏற்றிவிட்டது. விளக்கிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி பளிச்சென்று இருந்தது. வேலை நடந்துகொண்டிருக்கும்போது இமேஜ் எடுக்கவும் அதில் முடியாது, கம்ப்யூட்டரை நிறுத்தியாக வேண்டும். முந்தைய நாளுக்குப் பிறகு மாறியதை மட்டும் எடுக்கவும் வராது.

பழைய ஃபிளாப்பி:
பென்னாகரத்திலிருந்து ஒரு கிழவன் குறுக்கே வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் வேலை பார்த்த இடத்தில் தினமும் மாலை ஃபிளாப்பியில் பேக்கப் எடுப்போம். திங்கள், செவ்வாய் என்று லேபிள் ஒட்டி ஒரு டப்பா. ஒருநாள் கூடத் தவறியதில்லை. ஒரு நாள் தேவைப்பட்டது. திங்கள் படிக்கவில்லை. செவ்வாய், புதன் படிக்கவில்லை. வியாழன் படித்தது, உள்ளே காலி. யாருமே அதுவரை ஒன்றையும் திறந்து பார்த்ததில்லை.

ரெண்டு பேரும் எடுப்பதைப் பற்றியே சண்டை போடுகிறீர்கள். காவேரிப்பட்டணத்துத் தம்பி, எந்த வழியில் எடுத்தாலும் சரி, வேறு ஒரு டிஸ்க்கில் திரும்ப ஏற்றிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். இன்னொரு விஷயம், அந்த பென்டிரைவை ஜெராக்ஸ் கடையில் செருகியிருந்தால் தயவுசெய்து எடைமேடையில் செருகாதீர்கள். ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டாக மாறும் வைரஸ் இந்தப் பக்கம் எத்தனை பேரை அழவைத்தது என்று எனக்குத் தெரியும்.

தளி ரோஜா:
அப்படிச் சொல்லுங்கள் ஐயா. நெட் ஆபத்து என்று என்னை அடக்கினார்கள், பென்டிரைவ் மட்டும் துளசித் தீர்த்தமா? 2010இல் வெளியே தெரிந்த ஸ்டக்ஸ்நெட் என்ற நாசகார நிரல், நெட்டோடு தொடர்பே இல்லாத ஈரான் அணு நிலையத்துக்குள் பென்டிரைவ் வழியாகத்தான் போனது என்கிறார்கள்.

ஓசூர் லேத்:
இதில் மேடம் பக்கம்தான் நான். இதற்கென்று புதிதாக ஒரு பென்டிரைவ், அதை வேறு எதிலும் செருகக் கூடாது. வெளி டிஸ்க்கும் பேக்கப் முடிந்ததும் கழற்றியாக வேண்டும். மாட்டியே வைத்திருந்தால், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டும். மின்னல் இடித்தாலும் ரெண்டும் சேர்ந்தே போகும்.

மொரப்பூர் பாசஞ்சர்:
கழற்றிவிட்டால் ஷெட்யூலர் எதில் எழுதும்? சரி, பேக்கப் முதலில் அதே கம்ப்யூட்டரின் டி டிரைவில் விழட்டும். மாலையில் டிஸ்க்கை மாட்டி, ரோபோகாப்பி பேட்ச் ஃபைலை டபுள் கிளிக் செய்து, கழற்றிவிடலாம். இதற்கு மட்டும் ஒரு மனிதன் வேண்டும்.

காவேரிப்பட்டணத்தான் (பத்து நாள் கழித்து):
நடந்ததைச் சொல்கிறேன். தினசரி டேட்டாவுக்கு மொரப்பூர் அண்ணன் சொன்னதையே செய்தேன். மதியம் 1.30-க்கு ஒன்று, ராத்திரி 9-க்கு ஒன்று. ஒரு நிமிஷம்கூட ஆவதில்லை. இமேஜுக்கு, ஞாயிற்றுக்கிழமை மேடை மூடியிருந்ததால் குளோன்சில்லா போட்டுப் பார்த்தேன். டிஸ்க்குக்கு டிஸ்க் பக்கமே போகவில்லை, இமேஜாகத்தான் எடுத்தேன். லேத் அண்ணன் சொன்ன பட்டறைப் பையன் கண்முன்னால் வந்துபோனான்.

அப்புறம் பென்னாகரம் ஐயா சொன்னபடி திரும்ப ஏற்றிப் பார்த்தேன். பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு என்னிடம் இருந்த 240 ஜிபி எஸ்எஸ்டியைப் போட்டேன். இலக்கு டிஸ்க் சின்னது என்று குளோன்சில்லா மறுத்துவிட்டது. பழையது 500 ஜிபி, உள்ளே இருப்பது வெறும் 60 ஜிபிதான். இருந்தும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஓசூர் லேத்:
இதைத்தான் சொன்னேன்! நல்ல மென்பொருள் என்றால் பார்ட்டிஷனை (டிஸ்க்கில் பிரித்த பகுதியை) சுருக்கி ஏற்றிக் கொடுத்திருக்கும்.

மொரப்பூர் பாசஞ்சர்:
எடுக்கும் முன் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மெண்டில் நாமே சுருக்கிக்கொண்டு, ஏற்றும்போது அளவு பார்க்காதே என்ற ஐசிடிஎஸ் தெரிவைக் கொடுத்திருந்தால் இதுவும் ஏற்றியிருக்கும். ஒரு வேலை கூட, அவ்வளவுதான்.

காவேரிப்பட்டணத்தான்:
சண்டை வேண்டாம். மாமா பையனிடம் 1 டிபி டிஸ்க் கடன் வாங்கி ஏற்றினேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. பூட் ஆனதும் மென்பொருளைத் திறந்தேன், இண்டிகேட்டரில் இருந்த எடை திரையில் அப்படியே வந்தது. காம் போர்ட் மாறவில்லை. சனிக்கிழமை ராத்திரி பேக்கப்பை மேலே ஏற்றினேன், கடைசி டிராக்டர் சீட்டு வரை இருந்தது. ஒரு சீட்டை பிரிண்ட் எடுத்து ஓனரிடம் காட்டினேன். அவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இது நேத்துப் போட்டதுதானே, இதுல என்ன அதிசயம்?" என்றார்.

லேத் அண்ணா, ஆஃப்லைன் மென்பொருளையும் விடவில்லை. ஹாஷ் ஒத்துப் பார்த்த ஃபுல் செட்டப் புது பென்டிரைவில் தயாராக இருக்கிறது. சீசன் முடிந்ததும் போட்டுப் பார்க்கிறேன். இப்போது லாரி வரிசையை வைத்துக்கொண்டு எதையும் தொட எனக்குத் தைரியமில்லை.

ஒரே ஒரு சந்தேகம். வெளி டிஸ்க்கை எங்கே வைப்பது என்று ஓனரிடம் கேட்டேன். எடைமேடை ரூமிலேயே சாமி படத்துக்குக் கீழே, ஊதுபத்தி ஸ்டாண்டு பக்கத்தில் வைத்துவிட்டார். "அங்க வச்சா யாரும் தொட மாட்டாங்க" என்கிறார்.

பழைய ஃபிளாப்பி:
யாரும் தொட மாட்டார்கள், உண்மைதான். ஆனால் அதே ரூம் ஆயிற்றே தம்பி. இன்னொரு டிஸ்க் வாங்கி உங்கள் வீட்டில் வையுங்கள், வாரம் ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள். சாமிகிட்ட இருப்பதை ஒரு கவரில் போட்டு வையுங்கள், யுஎஸ்பி ஓட்டையில் விபூதி போய்விடும்.