இலைக்கு ‘எ’ போட்ட பையன்

கோபி பக்கம் ஒன்றாம் வகுப்பு டீச்சர்:

பதினோரு வருடமாக உயிரெழுத்து அட்டையை மாட்டி வைத்துச் சொல்லித் தருகிறேன். இந்த ஜூனில்தான் ஒரு பையன் என் கண்ணைத் திறந்தான். இலைப் படத்தைத் தொட்டு “இது என்ன சாமி?” என்றேன். “எல.” “எந்த எழுத்துல ஆரம்பிக்குது?” கொஞ்சமும் யோசிக்காமல் எலி இருக்கிற கட்டத்தில் விரலை வைத்தான். “இல்ல கண்ணு, இது இ” என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு “எலைங் டீச்சர்” என்றான், பாவம் டீச்சருக்குத் தெரியவில்லை என்கிற மாதிரி.

அப்புறம் அட்டையை முழுசாகப் பார்த்தேன். உ-வுக்கு உரல். எங்கள் ஊரில் யார் உரல் என்கிறார்கள்? ஒரல்தான். இறகு எறகு, உடம்பு ஒடம்பு, கிணறு கெணறு, விறகு வெறகு, குடம் கொடம். சொல்லின் முதலில் இகரமோ உகரமோ இருந்து, அடுத்த எழுத்தில் அகரமோ ஐகாரமோ வந்தால் பேச்சில் வாய் எ, ஒ என்று இறங்கிவிடுகிறது. கொங்கில் மட்டுமில்லை, தமிழ்நாட்டில் பல பக்கமும் இப்படித்தான். நடுவில் ஒற்று நின்றால் இறங்காது: இட்லி, இங்க, உப்பு. அடுத்தது இகரமாகவோ உகரமாகவோ இருந்தாலும் இறங்காது: துணி, குருவி. ஆக, பையனின் காது சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. குறிலைக் காதால் பிடிக்கச் சொல்லிவிட்டு, காதுக்கு வேறு மாதிரி கேட்கிற சொல்லை நாம்தான் மாட்டி வைத்திருக்கிறோம்.

இது புரிவதற்கு முன் ஒரு வாரம் விடாமல் திருத்தினேன். பலன்? ஒட்டகம் ‘உட்டகம்’ ஆனது, எலி ‘இலி’ ஆனது. பேசுவது எல்லாமே தப்பு போல என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிட்டார்கள். இப்போது இலை மேல் இட்லிப் படம், உரல் மேல் உப்புப் படம் ஒட்டியாகிவிட்டது. பேசும்போது எல, எழுதும்போது இலை என்பதை, கூட்டி வாசிக்க வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். உங்கள் வகுப்பில் எப்படி?

திருப்பூரிலிருந்து, இரண்டாம் வகுப்பு:

உங்களுக்கு இ, உ. எனக்கு எ, ஒ. பனியன் கம்பெனி வேலைக்கு வந்த வடநாட்டுக் குடும்பத்துப் பிள்ளைகள் என் வகுப்பில் பாதிக்குப் பாதி. இந்தி எழுத்தில் எ, ஏ இரண்டுக்கும் தனித்தனி எழுத்து கிடையாது. இருக்கிற ஒன்றும் நெடில்தான். அதனால் எலி ‘ஏலி’. பீகாரிலிருந்து வந்த பெண் பிள்ளை பக்கத்துப் பையனிடம் பென்சிலைக் காட்டி “கோடு, கோடு” என்று கேட்டிருக்கிறாள். அவனும் பென்சிலை விடாமல், அவள் நோட்டில் அழகாக ஒரு கோடு போட்டுத் தந்திருக்கிறான். அழுதுகொண்டே என்னிடம் வந்தாள்.

கண் இமைக்கிற நேரம், கை நொடிக்கிற நேரம் ஒரு மாத்திரை என்று தொல்காப்பியம் சொல்கிறதே, அதையே பிடித்துக்கொள்வோம் என்று நொடிக்கச் சொன்னேன். குறிலுக்கு ஒரு நொடி, நெடிலுக்கு இரண்டு. ஆறு வயதுக் கையில் சத்தமே வரவில்லை! வகுப்பு முழுக்க விரலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் மிச்சம். கடைசியில் ஒரு பையனின் அப்பா கம்பெனியில் மிஞ்சிய எலாஸ்டிக் துண்டுகளை ஒரு பை நிறையக் கொடுத்துவிட்டார். கொடு என்றால் சும்மா பிடி, கோடு என்றால் இழு. எடு, ஏடு. தொடு, தோடு. இரண்டே நாளில் வாயும் கையோடு சேர்ந்து வந்தது.

எழுத்தில் கொம்புச் சிக்கல் இன்னும் தீரவில்லை. ஆனால் அதற்காக நான் கோபப்படுவதில்லை. பழைய சுவடி எழுத்தில் குறில் எ, ஒ மேல் புள்ளி வைத்துத்தான் பிரித்தார்கள்; புள்ளியை விட்டுவிட்டால் எது குறில், எது நெடில் என்று படிப்பவர்தான் ஊகிக்க வேண்டும். வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் வந்து கொம்பைச் சுழித்துவிட்டார். அதுவரை பெரியவர்களே அப்படி ஓட்டியிருக்கும்போது, இரண்டாம் வகுப்புப் பிள்ளை சுழியை மறப்பது ஒரு குற்றமா?

தாளவாடி:

கோபி டீச்சர், எங்கள் பக்கம் இன்னும் வேடிக்கை. வீட்டில் கன்னடம் பேசுகிற பிள்ளைகள். கன்னடத்தில் இலைக்கு எலெ, உரலுக்கு ஒரளு. அங்கே எழுத்திலும் எ, ஒ-தான். ‘எல தப்பு’ என்று நான் ஒரு பிள்ளையிடம் சொன்னதற்கு, மறுநாள் அவள் அப்பா வந்து “எங்க பாஷையில சரிதானுங்களே மேடம்” என்றார். சரிதான். இட்லிப் படத்தை நானும் ஒட்டிவிடுகிறேன்.

பொள்ளாச்சி, ஓர் அம்மிச்சி:

நான் டீச்சர் இல்லைங்க. பேத்திக்கு வீட்டில் சொல்லிக்கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டவள். நாங்கள் படித்தது ஆனா, ஆவன்னா, ஈனா, ஈயன்னா. அதையே சொல்லிக்கொடுத்தேன். அணில் என்பதை எழுத்துக் கூட்டிப் படித்தாள்: “ஆனா, ணி, ல்... ஆனாணில்.” இத்தனை வருடம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது, அ-வின் பெயரே ‘ஆ’ என்றுதான் தொடங்குகிறது! இ-யின் பெயர் ஈனா. குறிலுக்கெல்லாம் நெடிலில் பெயர் வைத்துவிட்டு, பிள்ளையைத் திட்டுகிறோம். அவள் டீச்சர் சொல்கிற மாதிரி இப்போது வெறும் ‘அ’ என்று வெடுக்கென்று சொல்லப் பழகிவருகிறேன். நாக்கு ‘ஆனா’வுக்கே ஓடுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. அவள் அட்டையில் ஓ-வுக்கு ஓணான். படத்தைப் பார்த்ததும் அவள் சொன்னது “ஒடக்கான்”. வேலியில் தினமும் பார்க்கிற ஒடக்கானை வேறு என்னவென்று சொல்வாள்?

கோபி டீச்சர்:

அம்மிச்சி, என் அட்டையில் ஓ-வுக்கு ஓடம் போட்டிருப்பதால் தப்பித்தேன். ஆனால் ஒ-வுக்கு ஒட்டகம் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளில் ஒருத்தர்கூட அதை நேரில் பார்த்ததில்லை. நாளைக்கு அதன் மேல் ஒடக்கானை ஒட்டப்போகிறேன். படம் வரைந்து தர நாலாம் வகுப்பில் ஒரு பையன் சம்மதித்திருக்கிறான். கூலி, இரண்டு கடலை மிட்டாய்.