கெணத்துத் தண்ணி வீடு, குழாயில வேகமே இல்ல, பெரிய மோட்டார் போடலாமா?

தேரிக்காட்டு வீடு:

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீடு திசையன்விளை பக்கம். பொறவாசல்ல மாமனார் காலத்துல வெட்டுன கெணறு ஒண்ணு இருக்கு, 35 அடி ஆழம், குடிக்கிறதுக்குத் தவிர மத்த அம்புட்டுப் புழக்கமும் அதுலதான். கெணத்து மேட்டுல 1 எச்பி மோனோபிளாக் மோட்டார் (மோட்டாரும் பம்பும் ஒண்ணாச் சேந்தது), தட்டட்டியில 3 அடி செங்கல் மேடை கட்டி 1000 லிட்டர் டேங்க் வச்சிருக்கு. கீழ் வீட்டுல பழைய ஜிஐ பைப்பு (துத்தநாகம் பூசுன இரும்பு), மாடி எடுத்தப்ப மாடிக்கு மட்டும் பிவிசி போட்டது.

கொஞ்ச நாளா அடுப்படிக் குழாயில ஒரு குடம் பிடிக்கதுக்குள்ள அடுப்புல வச்ச பால் பொங்கிருது, அந்த அளவுக்குத்தான் தண்ணி வருது. மாடி ஷவரும் சொட்டுது, ஆனா அதைவிட கீழ அடுப்படிதான் மோசம். அது போக முன்னாடி அரைமணி நேரத்துல டேங்க் நெறைஞ்சிரும், இப்ப ரெண்டு மணி நேரம் ஓட்டுனாலும் நெறையல, நடுவுல மோட்டார் சத்தமும் மாறுது. பிளம்பர் வந்து பாத்துட்டு மோட்டார் பழசாயிட்டு, 1.5 எச்பியா மாத்துங்க எல்லாம் சரியாயிரும்னு சொல்லுதாரு. எங்க வீட்டுக்காரவிய வெளியூர்ல வேலையில இருக்காவ, வீட்டுல நானும் அத்தையும்தான். பெரிய மோட்டார்னா சின்னக் காசு இல்ல, விவரம் தெரிஞ்சவங்க சொன்னா நல்லாருக்கும்.

கன்னடியன் கால்:

தங்கச்சி, மோட்டார் வாங்குததைக் கொஞ்சம் தள்ளி வைங்க. நீங்க எழுதுனதுல ரெண்டு தனித்தனிக் கோளாறு இருக்கு, அவரு ரெண்டையும் சேத்து மோட்டார் தலையில போட்டுட்டாரு. கெணத்துல இருந்து டேங்குக்கு ஏறுறது ஒரு பாதை, டேங்க்ல இருந்து குழாய்க்கு எறங்குறது வேற பாதை. தட்டட்டியில டேங்க் இருக்குற வீட்டுல குழாய் வேகத்துக்கும் மோட்டாருக்கும் சம்பந்தமே கெடையாது, 1 எச்பி இருந்தாலும் 5 எச்பி இருந்தாலும் டேங்க்ல விழுந்தப் பொறவு தண்ணி தன் கனத்துலதான் எறங்குது.

எவ்வளவு உயரத்துல இருந்து எறங்குதுங்கிறதுதான் கணக்கு. 10 அடிக்கு 0.3 பார் அழுத்தம், 33 அடி இருந்தாத்தான் 1 பார் முழுசாக் கெடைக்கும். மாடி அறை 10 அடி உயரம், மேல மேடை 3 அடி, ஷவர் தரையில இருந்து 7 அடி உயரத்துல மாட்டிருந்தா டேங்க் அடியில இருந்து ஷவருக்கு 6 அடிதான் வருது, 0.2 பார் கூட இல்ல. அதனால மாடி ஷவர் எப்பவுமே கொஞ்சம் மந்தமாத்தான் இருந்திருக்கும், இப்ப கூடுதலாச் சொட்டுதுன்னா ஷவர் ஓட்டையில உப்பு படிஞ்சிருக்கும், கழத்தி ராத்திரி பூரா வினிகர்ல போட்டு காலையில பல் பிரஷ்ஷால தேய்ங்க.

ஆனா அடுப்படி கீழ இருக்கு, அதுக்கு 20 அடி கெடைக்குது. மாடி ஷவரைவிட மூணு மடங்கு அழுத்தம் கெடைக்குற எடத்துல மாடியைவிட மோசமா வருதுன்னு நீங்களே எழுதிருக்கீங்க பாருங்க, அந்த ஒத்த வரியிலயே விஷயம் வெளிய வந்துட்டு, கீழ் வீட்டுப் பைப்புக்குள்ள அடைப்பு இருக்கு.

ஒரு 15 லிட்டர் வாளியும் போன்ல ஸ்டாப்வாட்ச்சும் போதும். மொதல்ல அடுப்படிக் குழாய் வாயில சின்ன வலை இருக்கும், அதைக் கழத்திக் கழுவிட்டு வாளி நெறைய எவ்வளவு நேரம்னு பாருங்க. பொறவு மாடி பாத்ரூம் கீழ்க்குழாயில. கடைசியா டேங்க் வாயிலயே, வால்வை ஒட்டி யூனியனை (ரெண்டு பைப்பைக் கோக்குற மரை இணைப்பு) கழத்தி நேரா வாளியில பிடிச்சு. எங்க நேரம் திடீர்னு கூடுதோ அதுக்கு முன்னாடிதான் அடைப்பு. டேங்க்ல போட்டிருக்கது கேட் வால்வா இருந்தா ஒண்ணு கவனிங்க, கைப்பிடி சுத்தும், ஆனா உள்ள தகடு அறுந்து கீழயே கெடக்கும், பாக்க தொறந்த மாதிரியே தெரியும். அப்படின்னா கழத்திட்டு பால் வால்வு (உள்ள உருண்டை இருக்குறது) போட்டுருங்க.

வள்ளியூர் வைண்டிங்:

நான் மோட்டார் வைண்டிங் வேலை பாக்கேன். அண்ணாச்சி எறங்குற பாதையைச் சொல்லிட்டாரு, நான் ஏறுற பாதையைச் சொல்லுதேன் மேடம்.

மேட்டுல உக்காந்திருக்க மோனோபிளாக் தண்ணியைக் கட்டி இழுக்குதுன்னு எல்லாரும் நினைக்காங்க. அது உள்ள அழுத்தத்தைக் குறைக்குது, அம்புட்டுதான், கெணத்துத் தண்ணி மேல உக்காந்திருக்க காத்தோட கனம்தான் தண்ணியைப் பைப்புக்குள்ள மேல ஏத்துது. அந்தக் காத்தால ஏத்த முடிஞ்சது ஏட்டுக் கணக்குல 34 அடி, நடப்புல 25 அடி தாண்டுனாலே மோட்டார் திணற ஆரம்பிச்சிரும், உள்ள ஜல்லி உருளுத மாதிரி சத்தம் வரும், தண்ணி விட்டு விட்டு வரும். இதுக்கு எச்பி கூட்டி ஒரு பிரயோசனமும் இல்ல, 1.5 எச்பிக்கும் அதே காத்துதான். சத்தம் மாறுதுன்னு நீங்க சொன்னதை வச்சுச் சொல்லுதேன், கோடையில மட்டம் எறங்கி அந்த எல்லையைத் தாண்டிருக்கும்.

கயித்துல கல்லைக் கட்டி, மோட்டார் மட்டத்துல இருந்து தண்ணி வரைக்கும் அளங்க. மோட்டார் போடுததுக்கு முன்னாடி ஒருக்கா, அரைமணி ஓடுனப் பொறவு ஒருக்கா. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஊத்து எப்படி இருக்குன்னு காட்டிரும்.

அதோட, மோட்டாரை நிப்பாட்டி மறுபடி போடும்போது தண்ணி ஊத்தி விட வேண்டியிருக்கான்னு பாருங்க. ஊத்த வேண்டியிருந்தா, தண்ணிக்குள்ள பைப்பு அடியில இருக்க ஃபுட் வால்வுல மணலோ கூழாங்கல்லோ மாட்டி மூடாம நிக்குது, இல்ல உள்ள இருக்க வாஷர் போயிட்டு. டேங்க்ல விழுற தண்ணி வெள்ளை வெள்ளையா காத்தோட துப்பிக்கிட்டு வந்தா, கெணத்துல இருந்து மோட்டாருக்கு வாற சக்ஷன் பைப்பு இணைப்புல காத்து இழுக்குது. அந்தப் பக்கம் கசிஞ்சா தண்ணி வெளிய வராது, காத்துதான் உள்ள போவும், அதனால கண்ணுக்குத் தெரியாது. ஓடும்போது இணைப்பைச் சுத்தி சோப்பு நுரையைத் தடவுங்க, எந்த எடத்துல நுரை உள்ள போவுதோ அங்கதான் ஓட்டை.

வோல்டேஜும் பாக்கணும். 230க்குப் பதிலா 180தான் வந்துச்சுன்னா மோட்டாரோட முறுக்கு விசை 60 சதவீதத்துக்கு எறங்கிரும், ஏன்னா அது வோல்டேஜோட வர்க்கத்துல குறையும். சாயங்காலம் மந்தமா ஓடி விடியக்காலம் நல்லா ஓடுச்சுன்னா இதுதான் காரணம். கெபாசிட்டர் வலு கொறைஞ்சாலும் மோட்டார் உறுமும், சூடாவும், அது சின்னச் சாமான், மேல அச்சடிச்ச எம்எஃப்டி அளவை மீட்டர்ல வச்சுப் பாத்தாத் தெரிஞ்சிரும். நீங்களாத் தொடாதீங்க, மெயினை அணைச்சாலும் அதுக்குள்ள கரண்ட் நிக்கும், தெரிஞ்ச ஆளை விட்டுக் கழத்துங்க.

பாளை மாடிவீடு:

எதுக்கு இவ்வளவு? டேங்குக்குக் கீழ அரை எச்பி பிரஷர் பம்ப் ஒண்ணு போடுங்க, குழாயத் தொறந்தா தானா ஓடும், மூடுனா நிக்கும். எங்க வீட்டுல போட்டிருக்கோம், மாடி ஷவர்ல மழை மாதிரி கொட்டுது.

கன்னடியன் கால்:

தம்பி, நல்ல சாமான்தான், மாடி ஷவருக்கு அதைவிட நல்ல வழி இல்ல, நானே பலருக்குச் சொல்லிருக்கேன். ஆனா இவங்க கீழ் வீட்டு லைன் பழைய ஜிஐ. அடைச்சுக் கெடக்குற பைப்புல பம்ப் வச்சுத் தள்ளுனா செவத்துக்குள்ள துருப்பிடிச்ச இணைப்பு எங்கயாவது விட்டுக்குடுக்கும், ஓதம் ஏறி செவரு ஊறுன பொறவுதான் தெரியும். லைன் சரியாவட்டும், அதுக்குப் பொறவும் மாடிக்கு வேணும்னா மாடி லைனுக்கு மட்டும் வைக்கலாம்.

தேரிக்காட்டு வீடு:

அண்ணாச்சி ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. சொன்ன மாதிரியே அளந்து பாத்தேன், அத்தை வாளியைப் பிடிச்சாங்க, நான் போனைப் பாத்தேன்.

டேங்க் வாயில 15 லிட்டர் 20 செகண்டுல நெறைஞ்சிட்டு. மாடி பாத்ரூம் கீழ்க்குழாயில 1 நிமிஷம். அடுப்படியில வலையைக் கழத்தின பொறவும் 4 நிமிஷம். கேட் வால்வு நல்லாத்தான் இருக்கு.

வேற ஒரு பிளம்பரைக் கூப்பிட்டு அடுப்படிக்கு வாற லைன்ல எல்போவை (வளைவு இணைப்பு) கழத்தச் சொன்னேன். உள்ள பாத்து நானும் அத்தையும் அப்படியே நின்னுட்டோம். வெளிய பாத்தா அரை இன்ச் பைப்பு, உள்ள சுத்திலும் வெள்ளையும் காவியுமா அடுக்கடுக்கா கல்லாப் பிடிச்சு, நடுவுல பிள்ளையோட பென்சிலை விட்டா இறுக்கமாப் போவுது. அவரு கம்பியை வச்சுக் குத்துனாரு, பொடிஞ்சு உதிருது, ஆனா வளைவு வாற எடத்துல ஏறவே இல்ல. ஆசிட் ஊத்திக் கழுவிறலாமான்னு கேக்காரு, ஊத்தலாமா?

கெணத்துல கயிறு விட்டதுல மோட்டார் போடுததுக்கு முன்னாடி 26 அடி, அரைமணி ஓடுனப் பொறவு 29 அடி. நிப்பாட்டிட்டுப் போட்டா தண்ணி ஊத்த வேண்டியதில்ல.

கன்னடியன் கால்:

தங்கச்சி, ஆசிட் மட்டும் வேண்டாம். ஜிஐ பைப்புல ஆசிட் பட்டா மேல இருக்க துத்தநாகப் பூச்சு போயி இரும்பையே தின்னும், கல்லு கரைஞ்ச எடத்துல பைப்பே ஓட்டையாயிரும், குடும்பம் புழங்குற லைன்ல அது மிச்சம் தங்குதது வேற. பாத்ரூம்ல பிளீச்சிங் பவுடர் ஏதும் இருந்து ரெண்டும் ஒண்ணாச் சேந்துச்சுன்னா குளோரின் வாயு கெளம்பும், மூடுன அறையில அது உயிருக்கே ஆபத்து. யாரு சொன்னாலும் ஒத்துக்கிடாதீங்க.

உங்க பக்கத்துத் தண்ணியில சுண்ணாம்புச் சத்து அதிகம். 2021 மழையில வெள்ளத்தைத் திருப்பி விட்டும் நெறையாம நின்னுச்சே ஆயன்குளம் கெணறு, அதை சென்னை ஐஐடி ஆட்கள் வந்து ஆராஞ்சாங்கல்லா, அடியில சுண்ணாம்புப் பாறையும் அதுல தண்ணி அரிச்ச பொந்துகளும் இருக்குன்னு சொன்னாங்க. அந்தப் பாறையில ஊறி வாற தண்ணிதான் உங்க பைப்புக்குள்ள கல்லாப் படியுது. கெய்சர் இருந்தா அதையும் கழத்திப் பாருங்க, தண்ணி சூடாவும்போதுதான் இந்தக் கல்லு வெரசாப் பிரிஞ்சு படியும்.

பைப்பு உள்விட்டம் பாதியாக் கொறைஞ்சா அதே அளவு தண்ணி போறதுக்கு உராய்வு 32 மடங்கு ஏறும். உங்களுக்குப் பாதியை விடவும் கொறைஞ்சிட்டு, அதனாலதான் 20 அடி அழுத்தமும் வழியிலயே செத்துப் போவுது. குத்திச் சரிபண்ணாம மாத்திருங்க. செவத்தை ஒடைக்க வேண்டாம், பழைய லைன அப்படியே அடைச்சு விட்டுட்டு செவத்துக்கு வெளிய புதுசா ஓட்டுனாப் போதும், நாளைக்கு ஏதும்னாலும் கண்ணுக்குத் தெரியும். டேங்க்ல இருந்து எறங்குறது 1 இன்ச்சுக்குக் கொறையாம, கிளை முக்கால் இன்ச், குழாய்க்குள்ள ஏறுற கடைசித் துண்டு மட்டும் அரை இன்ச். மொதல்ல இருந்தே அரை இன்ச்ல இழுத்தா சாமான் மிச்சம்னு சொல்லுவாங்க, விடாதீங்க. வெந்நீர் லைனுக்கு சூட்டைத் தாங்குற சிபிவிசி பைப்பு. வளைவுகளைக் கொறைங்க, தட்டட்டியில வெயில் படுற பிவிசிக்குப் பெயிண்ட் அடிச்சு விடுங்க.

டேங்க் வால்வைத் தாண்டுன ஒடனே ஒரு டீ (மூணு வாய் இணைப்பு) வச்சு டேங்க் உயரத்துக்கு மேல தூக்கி மேல் வாய் தொறந்த ஒரு பைப்பு நிறுத்தச் சொல்லுங்க. காத்து வெளிய போவ அது இல்லன்னா டேங்க் ஒருக்கா காலியாகி நெறையும்போதெல்லாம் லைன்ல காத்து அடைச்சு நிக்கும், புதுப் பைப்பு போட்டும் தண்ணி வரலியேன்னு மறுபடி ஆளைத் தேடுவீங்க.

வள்ளியூர் வைண்டிங்:

26 அடி, 29 அடி, அப்ப சரிதான் மேடம். மோட்டார்ல ஒரு கொறையும் இல்ல, மழை பெய்ஞ்சு மட்டம் ஏறுனா அதே மோட்டார் அரைமணி நேரத்துல டேங்க நெறைச்சிரும். கோடைக்கு மட்டும்தான் இடைஞ்சல்.

வழி ரெண்டு இருக்கு. கெணத்துக்குள்ள பழைய கல் படியோ உத்திரமோ பத்தடி கீழ இருந்தா மோட்டாரை அதுல எறக்கி வைக்கலாம், செலவு கம்மி, ஆனா ஐப்பசி கார்த்திகையில தண்ணி ஏறும்போது மறந்திட்டீங்கன்னா மோட்டார் முங்கிரும். வீட்டுல ரெண்டு பேருதான் இருக்கீங்க, அதனால இன்னொண்ணைத்தான் சொல்லுவேன், ஓபன்வெல் சப்மெர்சிபிள் 1 எச்பி. தண்ணிக்குள்ளயே கெடக்கும், மேல தள்ளுது, அதனால இந்த 25 அடி எல்லை அதுக்குக் கெடையாது. 1.5 எச்பி வேண்டாம், 35 அடி கெணத்துல இப்ப நிக்கதே 9 அடித் தண்ணி, அரைமணியில 3 அடி எறங்குது, பெரிய மோட்டார் அதை இன்னும் வெரசா வத்த வச்சுட்டு வெறுமனே ஓடிக் காயும். எதைப் போட்டாலும் தண்ணி கொறைஞ்சா தானா நிக்குற டிரை ரன் ஸ்டார்ட்டரோட போடுங்க. ஒரே மூச்சா ஓட்டாம காலையில கால்மணி நேரம், மத்தியானம் கால்மணி நேரம்னு பிரிச்சு ஓட்டுங்க, ஊத்து ஊறிக்கிடும்.

நம்பியாறு:

ஒண்ணே ஒண்ணு சேத்துக்கிடுதேன். மட்டம் இம்புட்டு எறங்கிருக்க நேரத்துலதான் தூர் வாரணும், அடியில சேறு ஒரு ரெண்டு அடி அள்ளுனாலும் ஊத்துக்கண்ணு தொறக்கும். ஆனா தெரிஞ்ச பையன்னு யாரையும் சும்மா எறக்கி விட்டுறாதீங்க. பழைய கெணத்துல அடியில காத்து கெட்டுக் கெடக்கும், எறங்குன ஆளு மயங்கி விழ, அவரைத் தூக்க எறங்குன ஆளும் விழுந்து செத்த சேதி நம்ம பக்கம் எத்தனையோ கேட்டாச்சு. வெளக்கைக் கட்டி எறக்கி அணையலன்னா நல்ல காத்துன்னு பெரியவங்க சொல்லுவாங்க, விஷ வாயு இருந்தாலும் வெளக்கு எரியும், அதை நம்பாதீங்க. கெணறு வாருததே தொழிலா வச்சிருக்க கூட்டத்தைக் கூப்பிடுங்க, எறங்குததுக்கு முன்னாடி ஊதி விடுற புளோயர் வச்சு நல்ல நேரம் காத்து அடிக்கச் சொல்லுங்க, எறங்குற ஆளு இடுப்புல கயிறு, மேல ரெண்டு பேரு கயித்தைப் பிடிச்சபடி. மோட்டாருக்குப் போற கரண்டை மெயின்லயே அணைச்சிரணும், உள்ள ஆளு இருக்கும்போது டீசல் எஞ்சினைக் கெணத்துக்குள்ளயோ வாயை ஒட்டியோ வச்சு ஓட்டவே கூடாது, அந்தப் புகை கீழ எறங்கி நிக்கும். வாரி முடிச்ச பொறவு சப்மெர்சிபிளைத் தரையில படுக்க வைக்காம ஒரு கல்லு மேல ஒரு அடி தூக்கி வைங்க, சேறு ஏறாது.