பாஹா ஜாஸா: பேத்திக்கு முதலில் யாரைக் கேட்கவைப்பது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்திலிருந்து ஓர் ஆயா கேட்கிறார்:

என் பேத்திக்குப் பதினொரு வயது. ஐந்து ஆண்டுகளாகப் பியானோ படிக்கிறாள். போன மாதம், ஐரோப்பியச் செவ்வியல் இசையமைப்பாளர் பாஹின் இசையை வாசித்துக்கொண்டிருந்தவளின் இடது கை, தன்போக்கில் ஒரு தாளத்தைப் பிடித்துக்கொண்டது. "செவ்வியலா, ஜாஸா? ஒன்றை முடிவு செய்" என்று ஆசிரியர் கடிந்து அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து பியானோ மூடியைத் திறக்க மாட்டேன் என்கிறாள்.

நான் நாற்பது ஆண்டுகள் கோயிலில் தேவாரத்துக்கு ஆர்மோனியம் வாசித்தவள். பாடுகிறவர் போகும் வழியில் என் கையும் போகும். அதைத் தப்பென்று ஒருவரும் சொன்னதில்லை. ஜாஸ் எனக்குத் தெரியாது. அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் பலர் இரண்டையும் வாசித்தார்களாமே, அவளுக்கு யாரை முதலில் காட்டலாம்?

டர்பனின் பீனிக்ஸிலிருந்து, ஓய்வுபெற்ற இசை ஆசிரியை:

ஹேசல் ஸ்காட், அக்கா. வேறு யோசனையே வேண்டாம். 1920இல் டிரினிடாடில் பிறந்து, நியூயார்க்கின் ஹார்லெமில் வளர்ந்தவர். எட்டு வயதில் ஜூலியார்ட் இசைப் பள்ளியில் ராக்மனினாஃப் என்ற ரஷ்ய இசையமைப்பாளரின் இசையை வாசித்தபோது, அகன்ற சுரக்கூட்டுகளுக்குப் பிஞ்சு விரல் எட்டவில்லை. நெருங்கிய சுரங்களைத் தானே வைத்து வாசித்துவிட்டார். பிறகு பாஹையும், இன்னொரு செவ்வியல் இசையமைப்பாளரான லிஸ்டையும் ஜாஸ் நடையில் வாசித்துத்தான் புகழ்பெற்றார். 1943இல் வந்த ஒரு படத்தில் இரண்டு பியானோக்களை ஒரே சமயத்தில் வாசிப்பார். அதைப் பிள்ளைக்குக் காட்டுங்கள்.

நிறம் பார்த்து மக்களைப் பிரித்து உட்காரவைக்கும் அரங்கில் வாசிக்க மறுத்தவர் அவர். நம் இளமையில், நிறவெறி ஆட்சியில், இந்த ஊர் எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. 1950இல் அவருக்கென்றே ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி கிடைத்தது. கம்யூனிஸ்ட் என்ற பழியை மறுத்து அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின்முன் பேசினார். சில நாட்களில் நிகழ்ச்சியை நிறுத்திவிட்டார்கள். இன்று நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு தம்பி:

ஹேசல் சரி. ஆனால் எல்லோரும் விரும்பியே பாதை மாறினார்கள் என்று பிள்ளை எண்ணிவிடக் கூடாது. அமெரிக்கப் பாடகி நினா சிமோன் செவ்வியல் பியானோ கலைஞராகவே வாழ நினைத்தவர். 1951இல் பிலடெல்பியாவின் கர்ட்டிஸ் இசைக் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. நிறம்தான் காரணம் என்று அவர் நம்பினார். அட்லாண்டிக் சிட்டியில் ஒரு மதுக்கூடத்துக்கு வாசிக்கப் போனார்; பாடினால்தான் வேலை என்றார்கள், பாடினார். அவருடைய 'லவ் மீ ஆர் லீவ் மீ' பாட்டின் நடுவே பியானோ தனித்து ஒலிக்கும் இடத்தைக் கேளுங்கள், ஆயா. இரண்டு கைகளும் பாஹைப் போலவே ஒன்றையொன்று துரத்தும்.

பியானோ கலைஞர் ஆந்த்ரே வாட்ஸையும் சொல்லவேண்டும். 1963இல், பதினாறு வயதில், நியூயார்க் பில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு லிஸ்ட் வாசித்தவர்; கடைசிவரை செவ்வியலிலேயே நின்றார். ஒன்றைப் பிடித்துக்கொள்வதிலும் குறையில்லை. அவளாகப் பிடிக்கட்டும்.

கேப் டவுனிலிருந்து:

எங்கள் ஊர் ஜாஸ் பியானோ கலைஞர் அப்துல்லா இப்ராகிமை விட்டுவிட்டீர்களே! கறுப்பின அமெரிக்கர்கள் தொடங்கிய திருச்சபையின் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர். 1963இல் சூரிக்கில் அவர் வாசிப்பைக் கேட்ட அமெரிக்க ஜாஸ் மேதை டியூக் எலிங்டன்தான் இசைத்தட்டுக்கு வழிசெய்தார்.

சாட்ஸ்வர்த் ஆயா:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு ஹேசலின் இரண்டு பியானோக்களை மூன்று தடவை பார்த்தாள். பிறகு என் ஆர்மோனியத்தைப் பியானோ பக்கத்தில் இழுத்துவைக்கச் சொன்னாள். நான் துருத்தி போட்டேன். ஒரு கை அதிலும் ஒரு கை இதிலுமாக, நிறுத்திய பாஹை விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். என் பெட்டி சுருதி கொஞ்சம் இறங்கியது. திங்கட்கிழமை அதைச் சரிசெய்யக் கொடுக்கிறேன்.