ஃபைபர் வந்த பிறகும் மாடிக் கணினியில் வேகம் 94-ஐத் தாண்டாதது ஏன்?

கேள்வி: திருமங்கலத்துக்காரர்

வணக்கம். திருமங்கலத்தில் எங்கள் வீட்டிற்குச் சென்ற மாதம் ஃபைபர் இணைப்பு எடுத்தோம். நொடிக்கு 300 மெகாபிட் திட்டம். கீழ்த்தளத்தில் மோடத்திலேயே மடிக்கணினியைக் கம்பியால் இணைத்துச் சோதித்தால் 290-க்கு மேல் வருகிறது. மாடியில் மகள் படிக்கும் அறைக்கு, வீடு கட்டும்போதே சுவருக்குள் குழாயில் இழுத்துவைத்த லேன் கேபிள் செல்கிறது. அதில் காலையோ இரவோ எப்போது பார்த்தாலும் 94-தான். இழையில் ஒளியாக வரும் தரவு செம்புக் கம்பிக்கு மாறும் இடத்தில் குறைகிறதா? சுவரை உடைக்க வேண்டியிருக்குமோ என்பதே என் கவலை.

மறுமொழி: வைகைக்கரையான்

ஐயா, சுவரில் கை வைக்க வேண்டாம். நோயை அந்த 94 என்ற எண்ணே சொல்லிவிடுகிறது. 100 மெகாபிட் இணைப்பில், ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தோடும் செல்லும் முகவரிக் குறிப்புகளுக்கும் இடைவெளிக்கும் போக நமக்குக் கிடைப்பது ஏறக்குறைய 94. உங்கள் மாடி இணைப்பு ஜிகாபிட்டிலிருந்து, அதாவது 1000 மெகாபிட்டிலிருந்து, 100-க்கு இறங்கி அங்கேயே நிற்கிறது.

லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு சோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். ஒரு சோடியின் இரு கம்பிகளிலும் ஒன்றுக்கொன்று நேர்மாறான மின்னழுத்தம் செல்கிறது. மறுமுனை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே படிக்கிறது. பக்கத்தில் ஓடும் மின்கம்பியின் இரைச்சல், முறுக்கியிருப்பதால் இரண்டின் மீதும் ஏறத்தாழ ஒரே அளவில் விழுகிறது. ஆகவே வித்தியாசம் எடுக்கும்போது அது நீங்கிவிடுகிறது. 100 மெகாபிட்டுக்கு ஆரஞ்சு, பச்சை ஆகிய இரண்டு சோடிகள் போதும். ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி விட்டுப்போனால், பெரும்பாலான கருவிகள் எச்சரிக்கை எதுவும் தராமல் 100-க்கு இறங்கிவிடும். இரு முனைகளிலும் உள்ள ஆர்ஜே 45 இணைப்பியை (கேபிள் நுனியில் உள்ள பிளாஸ்டிக் செருகி) வெட்டிவிட்டுப் புதிதாக க்ரிம்ப் செய்து, அதாவது கம்பிகளைப் புதிய இணைப்பிக்குள் வைத்து அழுத்திப் பொருத்திப் பாருங்கள். முறுக்கை முனைவரை விட்டுவையுங்கள். அதிகம் பிரித்துவிடுவது நம் ஊர்களில் அடிக்கடி காணும் தவறு.

மறுமொழி: மேலூர் ஸ்பிளைசிங்

பத்து ஆண்டுகளாக ஃபைபர் இழைகளை ஒட்டும் வேலை செய்கிறேன். மேலே நண்பர் சொன்னது சரி. இழையில் குறை இருந்தால் மோடத்தில் சிவப்பு விளக்கு மினுக்கும், இணைப்பு விட்டுவிட்டு வரும். ஒரே எண்ணில் அசையாமல் நிற்காது.

ஒளி இழைக்குள் எப்படி அடங்கி ஓடுகிறது என்பதற்குப் பம்புசெட் கிணற்றில் குளித்தவர்களிடம் சான்று இருக்கிறது. நீருக்குள் முங்கிச் சாய்வாக மேலே பார்த்தால் வானம் தெரியாது. நீர்ப்பரப்பே கண்ணாடிபோல் அடியில் உள்ளதைக் காட்டும். அடர்த்தி மிகுந்த ஊடகத்திலிருந்து குறைந்ததை நோக்கிச் சாய்வாகச் செல்லும் ஒளி வெளியேறாமல் முழுவதும் திரும்பிவிடுவதே காரணம். இழையின் நடுவில் சுமார் 9 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவே உள்ள கண்ணாடியும், அதைச் சுற்றி ஒளிவிலகல் எண் சற்றுக் குறைந்த 125 மைக்ரான் கண்ணாடி உறையும் இதே வேலையைச் செய்கின்றன. இழையை இறுக்கி மடக்கினால் அந்தச் சாய்வு கெட்டு, ஒளி வெளியே கசியும். சோதனைக்குச் சிவப்பு லேசர் விடும்போது மடிந்த இடம் ஒளிர்வதைக் கண்ணால் பார்க்கலாம். தரவைச் சுமக்கும் அகச்சிவப்பு ஒளியோ கண்ணுக்குத் தெரியாது. கழற்றிய முனையை யாரும் உற்றுப் பார்க்க வேண்டாம்.

ஒளி என்பதால்தான் ஃபைபர் வேகமானது என்று பலர் நம்புவது எனக்கு வருத்தம் தருகிறது. கண்ணாடிக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடுகிறது. செம்பில் செல்லும் மின்குறியும் ஏறத்தாழ அதே வேகம்தான். ஃபைபரின் மேன்மை, குறி தேயாமல் போவதிலும் ஒரே இழையில் பல அலைநீளங்களைச் சேர்த்து அனுப்ப முடிவதிலும் இருக்கிறது. கண்ணாடியில் ஒளி தேய்வதற்கு அதிலுள்ள மாசுகளே காரணம், அவற்றை நீக்கினால் தொலைதூரம் செல்லும் என்று 1966-இல் சார்லஸ் காவோ காட்டினார். 2009-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று 1550 நானோமீட்டர் ஒளி பாதியாகக் குறைவதற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் ஓட வேண்டும். உங்கள் வீட்டு இணைப்பில் கீழிறங்கும் தரவு பெரும்பாலும் 1490-இலும், நீங்கள் அனுப்புவது 1310-இலும் ஒரே இழையில் எதிரெதிராகச் செல்கின்றன.

மறுமொழி: திருமங்கலத்துக்காரர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மாடி முனையைப் பிரித்துப் பார்த்தபோது பழுப்புக் கம்பி ஒன்று இணைப்பிக்குள்ளேயே ஒடிந்திருந்தது. தொட்டதும் உதிர்ந்த அந்தக் கம்பி, உள்ளே அலுமினியமும் மேலே செம்புப் பூச்சுமாக இருந்தது. புதிதாக க்ரிம்ப் செய்தபின் 288 வருகிறது. வீட்டிலிருந்து 180 மீட்டர் தள்ளியுள்ள தோட்டத்து மோட்டார் அறைக்கும் இப்படியே லேன் கேபிள் இழுக்கலாமா?

மறுமொழி: வைகைக்கரையான்

வேண்டாம் ஐயா. லேன் கேபிளுக்கு எல்லை 100 மீட்டர். அதைவிட முக்கியமாக, வெட்டவெளியில் செல்லும் செம்பு, ஐப்பசி இடி மழையில் அருகே விழும் மின்னலின் அதிர்வை இரு முனைக் கருவிகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. உள்ளே இரும்புக் கம்பி இல்லாத ஃபைபராகக் கேட்டு வாங்கி, இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் (ஒளியை மின்குறியாகவும் மின்குறியை ஒளியாகவும் மாற்றும் சிறு கருவி) வையுங்கள். சுவர் அலுமினியக் கம்பியையும் அவசரமின்றி முழுச் செம்பாலான கேட் 6 வகை லேன் கேபிளுக்கு மாற்றிவிடுங்கள். அதே குழாயில், பழைய கேபிளின் நுனியில் புதியதைக் கட்டி இழுத்தால் வந்துவிடும்.