தாத்தா பெயரில் ஒரு வகுப்பறை

குழு: ஆற்றங்கரைத் தெரு வீடு

சனிக்கிழமை

திருச்சி அண்ணன், காலை 7:10
தாத்தா நூற்றாண்டுக்குச் சேர்த்த பணம் ஐந்து லட்சத்தைத் தொட்டுவிட்டது. தங்கச்சி, நீ தென்னாப்பிரிக்காவில் உதவப் போய்வரும் பள்ளியில் ஒரு வகுப்பறை கட்ட இது போதுமா?

அத்தை, 7:14
வாசலில் அப்பா பெயர் போட்டு ஒரு கல்வெட்டு வைக்க வேண்டும். தமிழிலும் அவர்கள் மொழியிலும்.

டர்பன் அக்கா, 7:52
இன்று பள்ளியில் ஆட்சிக் குழு கூடுகிறது. அவர்களைக் கேட்காமல் நான் எதுவும் சொல்லக் கூடாது அத்தை. மாலையில் எழுதுகிறேன்.

அம்மா, 7:55
தனியாகவா போகிறாய்? 2021இல் அங்கே நடந்த கலவரத்தை டிவியில் பார்த்ததிலிருந்து எனக்கு நெஞ்சு படபடக்கிறது.

பெரியப்பா, 8:30
பள்ளி இருக்கும் ஊர் இனாண்டா என்றாயே, கறுப்பினத் தலைவர் ஜான் டூபே பள்ளி தொடங்கிய அதே ஊர்தானே? காந்தியின் ஃபீனிக்ஸ் குடியிருப்பும் பக்கத்தில்தான் என்று படித்திருக்கிறேன்.

டர்பன் அக்கா, மாலை 5:45
வந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

ஆமாம் பெரியப்பா, அதே ஊர்தான். டூபே தொடங்கிய ஓலாங்கே பள்ளி இன்றும் நடக்கிறது. 1994 ஏப்ரல் 27 அன்று மண்டேலா தன் வாழ்க்கையின் முதல் ஓட்டை அங்கேதான் போட்டார். காந்தி 1904இல் அமைத்த குடியிருப்பும் அருகில்தான். இவ்வளவு பெருமை இருந்தும் ஊர் ஏழ்மையில்தான் இருக்கிறது. இது ஒரு டவுன்ஷிப். நம் ஊர் டவுன்ஷிப் போல நினைக்காதீர்கள். நிறவெறி ஆட்சியில் வெள்ளையர் அல்லாத மக்களை நகரத்துக்கு வெளியே தள்ளிவைத்த பகுதிகளைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறார்கள். நான் உதவும் மூன்றாம் வகுப்பில் 54 பிள்ளைகள்.

டர்பன் அக்கா, 5:51
அம்மா, உன் பயம் வீண் பயம் இல்லை. 1985 ஆகஸ்டில் இங்கே கலவரம் நடந்து இந்தியக் குடும்பங்கள் வெளியேறின. காந்தியின் குடியிருப்பும் எரிந்தது. 2021 ஜூலையில், இந்தியர்கள் அதிகம் வாழும் பக்கத்து ஊரான ஃபீனிக்ஸில் 30க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். இறந்தவர்களின் உறவினர்கள் இந்த ஊரிலும் இருக்கிறார்கள். அதனால் முதல் மூன்று மாதம் தாய்மார்கள் என்னிடம் "சாவுபோனா" என்று வணக்கம் சொல்வதோடு நிறுத்திக்கொண்டார்கள். நானும் வற்புறுத்தவில்லை. சமையலறைக்குப் போய்ப் பூசணிக்காய் நறுக்கிக் கொடுத்தேன். நறுக்க நறுக்கத்தான் பேச்சு வந்தது. இப்போது நான் வராத நாளில் ஏன் வரவில்லை என்று போன் செய்கிறார்கள்.

அம்மா, 5:54
சரி கண்ணு. போனதும் வந்ததும் ஒரு மெசேஜ் போட்டுவிடு.

டர்பன் அக்கா, 6:10
இப்போது கூட்டத்துக்கு வருகிறேன். 1996ஆம் ஆண்டின் பள்ளிச் சட்டப்படி ஆட்சிக் குழுவில் ஓட்டுரிமை உள்ளவர்களில் பாதிக்கு மேல் பெற்றோராக இருக்க வேண்டும். இந்தப் பள்ளியில் தலைவர் ஒரு கோகோ, அதாவது பாட்டி. அம்மா அப்பா வேலை தேடி வேறு ஊருக்குப் போய்விட, பேரப்பிள்ளைகளை வளர்ப்பவர்கள் இவர்கள்தான்.

நம் பணத்தைப் பற்றிச் சொன்னேன். கோகோ நன்றி சொன்னார். அப்புறம் கேட்டார்: "கூரை ஒழுகினால் யாரைக் கூப்பிடுவது? புது வகுப்பறையில் பாடம் நடத்த யார் வருவார்?" ஆசிரியர் பணியிடத்தை மாகாணக் கல்வித் துறைதான் தர வேண்டும். கட்டடத்துக்கும் அவர்களின் ஒப்புதல் வேண்டும். ஆசிரியர் இல்லாத அறை இரண்டே வருடத்தில் உடைந்த மேசை போடும் இடமாகிவிடும் என்று ஒரு தாய் சொன்னார். எனக்குப் பதில் தெரியவில்லை.

நான், 6:13
அப்படியானால் அவர்கள் என்னதான் கேட்கிறார்கள் அக்கா?

டர்பன் அக்கா, 6:20
தண்ணீர், தம்பி.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குழாய்களும் நீரேற்று நிலையங்களும் சேதமாயின. இன்றும் குழாய் பல நாள் வறண்டு கிடக்கிறது. பள்ளிச் சத்துணவு 1994இலிருந்து நடக்கிறது, மண்டேலா பதவிக்கு வந்ததும் தொடங்கிய திட்டம். சோள மாவும் பீன்சும் தவறாமல் வருகின்றன. சமைக்க உள்ளூர்த் தாய்மார்கள் இருக்கிறார்கள். தண்ணீர் மட்டும் இல்லை. தண்ணீர் இல்லாத நாளில் கழிப்பறையைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளை 11 மணிக்கே வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அவர்களில் பலருக்கு அந்த மதியச் சாப்பாடுதான் அன்றைய முழுச் சாப்பாடு.

ஆக, கூரை மழைநீரைப் பிடிக்க ஜோஜோ என்கிற பெரிய பிளாஸ்டிக் தொட்டி இரண்டு, கூரை வைத்த சமையலறை. மிச்சமிருந்தால் மாலை 5 வரை திறந்திருக்கும் ஒரு வாசிப்பு அறை. புதிதாகக் கட்ட வேண்டாம், சாமான் போட்டு வைத்திருக்கும் அறையைக் காலி செய்து தருகிறார்கள். கோகோக்கள் தங்கள் மொழியான இசிசூலுவில் கதை சொல்வார்கள், பிள்ளைகள் எழுதிப் படிப்பார்கள். 2021 சர்வதேச வாசிப்பு ஆய்வில் இந்த நாட்டின் நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேரால் படித்ததைப் புரிந்துகொள்ள முடியவில்லை. என் வகுப்பில் நான் தினமும் பார்ப்பது அதைத்தான்.

திருச்சி அண்ணன், 6:41
கூரை எத்தனை சதுர மீட்டர்?

டர்பன் அக்கா, 6:43
ஒரு கட்டடத்துக்கு 200 இருக்கும் அண்ணா.

திருச்சி அண்ணன், 6:50
1 மில்லிமீட்டர் மழைக்கு 200 லிட்டர். டர்பனில் ஆண்டுக்குச் சுமார் 1000 மில்லிமீட்டர் பெய்யும். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 1,60,000 லிட்டர் கிடைக்கும். ஆனால் மழை பெரும்பாலும் கோடையில்தான், அதாவது அங்கே அக்டோபர் முதல் மார்ச் வரை. குளிர்காலத்துக்குத் தேக்கிவைக்க இரண்டு தொட்டி பத்தாது, நான்கு போடுவோம். முதல் மழைநீர் தொட்டிக்குள் போகாமல் திருப்பிவிடும் குழாய் கட்டாயம் வேண்டும். படம் வரைந்து அனுப்புகிறேன். வேலை உள்ளூர்ப் பிளம்பருக்குத்தான் போக வேண்டும், பழுது பார்க்கப் போவது அவர்தானே.

டர்பன் அக்கா, 6:54
அதையும் பேசிவிட்டார்கள் அண்ணா. இங்கே பெண்கள் ஸ்டோக்வெல் என்று நடத்துகிறார்கள், அப்படியே நம் சீட்டுதான். பராமரிப்புக்கு மாதாமாதம் அதிலிருந்து ஒரு தொகை ஒதுக்குவதாகக் கோகோ சொன்னார். நம்மிடம் கேட்கவே இல்லை.

அத்தை, 7:20
எல்லாம் சரி கண்ணு. ஆனால் அப்பா பெயர்? பிளாஸ்டிக் தொட்டியில் பெயின்ட் அடித்தால் ஒரே மழையில் போய்விடுமே. என் சங்கிலியை விற்றுக் கொடுத்த பணம் அது.

பெரியப்பா, 8:05
தங்கச்சி, உன் வருத்தம் எனக்குப் புரிகிறது. நானும் கல்வெட்டு வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

1958இலிருந்து காமராஜர் ஆட்சியில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது உனக்கு நினைவிருக்காது, நீ கைக்குழந்தை. ஊர்க்காரர்கள் பெஞ்சு, கடிகாரம், மணி என்று தலையில் சுமந்து வந்து பள்ளிக்குக் கொடுத்தார்கள். அப்பாவிடம் அப்போது காசு இல்லை. மதிய உணவுக்கு ஒரு பித்தளை அண்டா கொடுத்தார். அதில் பெயர் வெட்டியிருந்தார். நான் ஐந்து வருடம் அந்த அண்டாச் சோறு சாப்பிட்டேன். எவரும் அந்தப் பெயரைப் படித்துப் பார்க்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

டர்பனில் 1929இல் திறந்த சாஸ்திரி கல்லூரிக்குப் பெயர், அங்கே இந்திய அரசின் பிரதிநிதியாக இருந்த நம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியாருடையது. பணம் கொடுத்தவர்கள் அங்கிருந்த இந்தியர்கள். கரும்புத் தோட்டத்துக் கூலிகளாகக் கப்பலேறிப் போனவர்களின் பிள்ளைகள் அவர்களில் எத்தனையோ பேர். அவர்கள் பெயரெல்லாம் எந்தச் சுவரில் இருக்கிறது?

அத்தை, 8:31
அந்த அண்டா எனக்கும் நினைவிருக்கிறது அண்ணே. நான் படிக்கும்போது விளிம்பில் ஒரு நசுங்கல் இருக்கும்.

அத்தை, 8:33
கண்ணு, அந்தத் தாய்மார்கள் எதில் சமைக்கிறார்கள்?

டர்பன் அக்கா, 8:36
பெரிய அலுமினியப் பானைகள் அத்தை. இரண்டு ஓட்டையாகி ஈயம் வைத்து அடைத்திருக்கிறார்கள்.

அத்தை, 8:38
ஈயமா? அதில் காரீயம் கலந்திருந்தால் பிள்ளைகளுக்கு ஆகாது. கும்பகோணத்தில் நல்ல கனமான எவர்சில்வர் அண்டா வாங்கி அப்பா பெயர் வெட்டித் தருகிறேன். இரண்டு. தை மாதம் தம்பி வரும்போது கொண்டு வரட்டும்.

நான், 8:39
ஒன்றுக்குள் ஒன்று வைத்துக் கொண்டுபோகிறேன் அத்தை.

டர்பன் அக்கா, 8:44
திங்கட்கிழமை அடுப்பின் வாய் அளவை அளந்து சொல்கிறேன். அதுவரை வாங்காதீர்கள்.