பாசிப்பச்சை என்றால் எந்தப் பச்சை?

தெற்குத்திண்ணை கேட்டது:

அப்பாவின் மணிவிழாவுக்கு அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பாசிப்பச்சையில் அரக்குக் கரை போட்ட பட்டு. இணையத்தில் அதே பெயரில் ஒரு சேலை கண்ணில் பட்டது, வாங்கிவிட்டேன். பெட்டியைத் திறந்த அம்மா சேலையைத் தொடக்கூட இல்லை. "இது கிளிக்குத் தம்பி. பாசி எங்கே?" என்றார்.

திருப்பி அனுப்பிவிட்டுப் பக்கத்துத் தையல் கடையில் கேட்டேன். பிஸ்தா நிறத்தை எடுத்துப் போட்டார்கள். தெருமுனைக் கடையில் அதே பெயருக்கு அரைத்த மருதாணியின் நிறம் வந்தது. மனைவியோ, "இப்போது சேஜ் என்கிறார்களே, அதுதான்" என்கிறாள். சேஜ் சாம்பல் பூத்த நிறம். அரக்குக் கரைக்குப் பக்கத்தில் அதை வைத்தால் சேலைக்குக் காய்ச்சல் கண்டதுபோல் இருக்கும்.

பாசி என்பது குளத்துப் பாசியா, பாசிப்பயறா? அம்மாவிடமே கேட்டேன். "பாசி தெரியாதா உனக்கு?" என்பதோடு பேச்சு முடிந்தது. விழாவுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது.

முழம்_கணக்கு:

பத்தொன்பது வருடமாக ரவிக்கைத் துணிக்கடை வைத்திருக்கிறேன். பயறு என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் தோலோடு இருக்கும் முழுப்பயறு. ஒருவர் வீட்டிலிருந்து ஒரு பிடி பாசிப்பருப்பைத் தாளில் மடித்துக் கொண்டுவந்து, "இந்த நிறத்தில் கொடுங்கள்" என்றார். தோல் போன பருப்பு மஞ்சள் அல்லவா? மஞ்சள் ரவிக்கைத் துணியோடு போனவர், மாலையில் முழுப்பயறோடு திரும்பி வந்தார். முகம் வேறு மாதிரி இருந்தது.

கிளிப்பச்சை கண்ணைப் பறிக்கும். ராமர் பச்சையில் நீலம் எட்டிப் பார்க்கும். பளிச்சென்று இருந்தால் அது பாசி இல்லை, அவ்வளவுதான் எங்கள் கணக்கு. மெஹந்தி பச்சை இன்னும் இருண்டது, பழுப்புக் கூடியது. குழல்விளக்கின் கீழே பாசியும் மெஹந்தியும் அண்ணன் தம்பி. வாசல் வெயிலுக்குக் கொண்டுபோனால் பங்காளிகள். அதனால் கடைக்குள்ளே நின்று முடிவு செய்யாதீர்கள். எந்தக் கடைக்காரரும் சேலையை வாசல்வரை கொண்டுபோக விடுவார், கொஞ்சம் முகம் சுளிப்பார்.

ஓய்வுபெற்ற_தமிழாசிரியர்:

குளமா, பயறா என்ற சண்டையே வேண்டாம் ஐயா. இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். பசுமை என்ற சொல் இலையோடு சேரும்போது 'மை' கெட்டு, முதலெழுத்து நீண்டு 'பாசிலை' ஆகிறது. நன்னூலில் 'ஆதி நீடல்' என்று படித்திருப்பீர்கள்; மறந்தும் இருப்பீர்கள். பாசியும் அந்த வேரில் கிளைத்த சொல்தான். பாசிப்பயற்றுக்குப் பச்சைப்பயறு என்று இன்னொரு பெயர் இருப்பதையும் பாருங்கள்.

ஆனால் அந்த மங்கல் எங்கிருந்து வந்தது? குறுந்தொகை 399ஆம் பாடலில் பரணர், பிரிவில் பெண்ணின் மேனியில் படரும் பசலையை ஊர்க் கேணியின் பாசிக்கு ஒப்பிடுகிறார். காதலன் தொடத் தொட விலகுகிறது, கையை எடுத்தால் மறுபடி படர்ந்துவிடுகிறது. பசலையைப் பொன்னோடு ஒப்பிடும் பாடல்களும் உண்டு. பச்சையின் வேரில் பிறந்த சொல், மஞ்சள் பாய்ந்த வாட்டத்துக்குப் பெயராகியிருக்கிறது. உங்கள் அம்மா கேட்கும் சேலையிலும் அந்த மஞ்சள் இருக்க வேண்டும் என்பது என் ஊகம். சேலையைப் பற்றி எனக்கு வேறொன்றும் தெரியாது.

அவுரித்தொட்டி:

ஆசிரியர் சொன்ன மஞ்சள், பட்டறையில் நிஜம். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சாயத் தொழில். இயற்கைச் சாயத்தில் நாங்கள் பச்சையைத் தனியாகக் காய்ச்சுவதில்லை. நூலை அவுரியில் முக்கி நீலமாக்கி, மேலே மஞ்சள் ஏற்றினால் பச்சை. மஞ்சளின் கை ஓங்கினால் பாசிப்பக்கம் சாயும். இன்னும் மங்க வேண்டுமென்றால் அன்னபேதி என்கிற இரும்பு உப்பு. வெங்காயத் தோலைக் கொதிக்கவைத்த நீரில் துணியை முக்கி, பிறகு அன்னபேதி கரைத்த நீரில் போட்டுப் பாருங்கள். துளி அவுரி இல்லாமலே பாசிப்பச்சை வந்து நிற்கும். ரசாயனச் சாயம் என்றால் பச்சையில் ஒரு துளி சிவப்பு. அதுவே இரண்டு துளியானால் சேறு.

என் மகன் கணினி வேலையில் இருக்கிறான். அவர்களுடைய நிறப்பட்டியலில் ஆலிவ் என்பது சிவப்பு 128, பச்சை 128, நீலம் 0 என்று காட்டினான். திரையில் சிவப்பும் பச்சையும் சமமாகச் சேர்ந்தால் மஞ்சள்தானாம், ஆக அது இருண்ட மஞ்சள். நம் கண் அதைப் பச்சை என்கிறது. அப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

ஒன்று கவனியுங்கள். பட்டில் பாவு (நீள நூல்) பச்சையாகவும் ஊடை (குறுக்கு நூல்) அரக்காகவும் இருந்தால், விரித்துப் பார்க்கும்போது பச்சை மங்கித் தெரியும், மடிப்பில் சிவப்பு மினுங்கும். அதையும் பாசி என்று சொல்லி விற்பார்கள். அம்மாவுக்கு எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தெற்குத்திண்ணை:

நன்றி. பயறு, பருப்பு இரண்டையும் தட்டில் வைத்து அம்மாவிடம் நீட்டினேன். "சமையலா செய்யப்போகிறாய்?" என்று தட்டை வாங்கி வைத்துவிட்டு, கொல்லைக்கு அழைத்துப் போனார். துவைக்கிற கல்லின் மேற்குப் பக்கம். மழைக்காலத்தில் அங்கே படரும் பாசி தளதளவென்று கிளிப்பச்சைக்கே சவால் விடும். இப்போது மழை நின்று இரண்டு மாதம். அதே பாசி காய்ந்து, ஓரம் பழுப்பேறி, மெத்தென்று கிடக்கிறது. நகத்தால் ஒரு துணுக்கைச் சுரண்டி என் உள்ளங்கையில் வைத்தார். "ஐப்பசிப் பாசி இல்லை, தைப் பாசி."

அந்தத் துணுக்கைத் தீப்பெட்டியில் வைத்திருக்கிறேன், முழுப்பயறு நாலைந்தும் கூடவே. ஒரே நிறம் என்று சொல்ல முடியாது, உறவு தெரிகிறது. கடைக்குத் தொலைபேசியில் பேசி, வாசலில் வெயில் எப்போது விழும் என்று கேட்டேன். பதினோரு மணி வரைதானாம். எதற்கு என்று கேட்டார்கள், சொல்லவில்லை.